அறைக்கும் உடல், கரை, முந்தி உண்டு: கடலோர வீட்டில் டிசைன்களையும் பொருள்களையும் கலக்கும் வழி

இராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் என் அத்தை வீட்டுக் கூடத்தில் போன ஆண்டு வரை ஒன்பது டிசைன்கள் இருந்தன. உட்கார்ந்து எண்ணினேன். தரையில் பளிங்கு மாதிரி வரி ஓடிய டைல்ஸ், ஜன்னல் கிரில்லில் மயில், கர்ட்டனில் பெரிய ரோஜா, சோபா உறையில் சின்ன இலை, மேசை விரிப்பில் கட்டம், கால்மிதியில் வேறொரு பூ, சுவரில் இரண்டு காலண்டர், பீரோ கண்ணாடி ஓரத்தில் கொடி. ஒவ்வொன்றும் ஆசைப்பட்டு வாங்கியது. ஆனாலும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்தால் ஏதோ சந்தையில் நிற்பது மாதிரி ஓர் அலைச்சல். “ஏத்தா, எல்லாம் பூவா இருந்தா கண்ணு எங்க உக்காரும்?” என்று அத்தையே கேட்டார்கள். அந்தக் கூடத்தை இருவரும் சேர்ந்து மாற்றியபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

டிசைன் கலப்பது நமக்குப் புதிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு கைத்தறிச் சேலையை விரித்துப் பாருங்கள். உடல் அமைதியாக இருக்கும். கரை அதற்கு எல்லை போடும். முந்தியில் நெசவாளர் தன் கைவரிசை முழுவதையும் காட்டியிருப்பார். மூன்றிலும் டிசைன் இருந்தாலும் மூன்றும் ஒரே அளவுக்குச் சத்தம் போடுவதில்லை. அறையையும் அப்படியே பிரித்துக்கொள்ளலாம். சுவர், தரை, பெரிய மரச்சாமான் எல்லாம் உடல். கர்ட்டன், பாய், ஜமக்காளம், கட்டில் விரிப்பு எல்லாம் கரை. ஒரே ஒரு இடம் மட்டும் முந்தி. அறையில் பத்தில் ஆறு பங்கு உடல், மூன்று பங்கு கரை, ஒரு பங்கு முந்தி என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறு வராது.

முதல் படி: இருப்பதை எண்ணுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு தாள் எடுத்து, அறையில் கோடு, பூ, கட்டம், புள்ளி எது இருந்தாலும் எழுதுங்கள். பலரும் தரையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. டைல்ஸில் ஓடும் பளிங்கு வரியும் ஒரு டிசைன்தான். அறையிலேயே பெரிய பரப்பு அதுதான் என்பதால், அது பேசும்போது மேலே இருப்பவை அடங்க வேண்டும். ஜன்னல் கிரில்லும் அப்படித்தான். மாலை வெயிலில் அதன் நிழல் தரையில் விழும்போது டிசைன் இரட்டிப்பாகிவிடும்.

மாற்ற முடியாதவற்றைச் சுற்றி வட்டம் போடுங்கள். தரை, கிரில், பீரோ, சாமி படங்கள் இதில் வரும். மீதியைக் கழற்றி ஒரு வாரம் வேறு அறையில் வையுங்கள். முதல் இரண்டு நாள் அறை மொட்டையாகத் தெரியும். மூன்றாம் நாள்தான் உண்மையில் என்ன குறைகிறது என்று புரியும். அத்தை வீட்டில் குறைந்தது கர்ட்டன் மட்டும்தான். கால்மிதியை யாரும் தேடவே இல்லை.

இரண்டாம் படி: உப்புக் காற்று எதை விடும், எதை விடாது

கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஊர்களுக்கான வழிகாட்டியில் இல்லாத ஒரு படி இது. கடலோரத்தில் இதைத் தாண்டிப் போகவே முடியாது. டிசைன் எவ்வளவு பொருந்தினாலும் பொருள் இரண்டு மழைக்காலம் தாங்காவிட்டால் உழைப்பு எல்லாம் வீண்.

காற்றில் வரும் உப்பு துணியிலும் மரத்திலும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். பொழுது சாய்ந்ததும் கர்ட்டனைத் தொட்டால் பிசுபிசுவென்று இருப்பதற்கு இதுதான் காரணம். வெயிலில் போட்டு உதறினால் ஈரம்தான் போகும், உப்பு அங்கேயே இருக்கும். நல்ல தண்ணீரில் அலசினால்தான் போகும். அதனால் ஜன்னலோரத்தில் வரும் எந்தத் துணியும் வீட்டிலேயே துவைக்கக் கூடியதாக இருக்க வேண்டும். பருத்தி இதற்கு ஏற்றது. வெல்வெட், கனமான ஜரிகை, உள்ளே நுரை தைத்த துணி எதையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

மரத்தில், தூள் அழுத்திச் செய்த பலகையையும், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப்.பையும் இங்கே நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். கல்யாணமான புதிதில் அப்படி ஒரு சோபா வாங்கினேன். கடையில் தேக்கு மாதிரி மின்னியது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிவதற்குள் கால் பக்கம் அப்பம் மாதிரி உப்பிவிட்டது. பிளைவுட்தான் வேண்டும் என்றால் பலகையில் ஐ.எஸ். 710 என்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான தரம். தேக்கு, வேம்பு, பூவரசு, நன்றாக முற்றிய பனங்கட்டை எல்லாம் நம் ஊர்க் காற்றுக்குப் பழகியவை.

இரும்புக் கர்ட்டன் கம்பி துருவை இறக்கித் துணியின் மேல் ஓரத்தில் பழுப்புக் கோடு போட்டுவிடும். அதற்குப் பதில் மரக் கம்போ மூங்கிலோ போதும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கினால் 304 ரகத்தை விட 316 ரகம் கடலோரத்துக்கு நல்லது. அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பு எளிதில் அரிக்காது. பித்தளை எனக்கு மிகவும் பிடிக்கும். அதை ஜன்னலிலிருந்து தள்ளி உள்சுவர் பக்கம் வைத்தால், புளி போட்டுத் தேய்க்கும் வேலை பாதியாகக் குறையும்.

சுவரில் வால்பேப்பர் ஒட்ட நினைப்பவர்கள் முதலில் சுவரின் அடிப்பகுதியைக் கையால் தடவிப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்துப் பொருபொருவென்று உதிர்ந்தால், மேலே எதை ஒட்டினாலும் கழன்று வரும். அப்படிப்பட்ட சுவரின் ஈரம் வெளியேற வேண்டும், அதற்குச் சுண்ணாம்பு பூசுவதே சரி. சுண்ணாம்புச் சுவரின் மங்கலான, சீரில்லாத வெண்மையே ஒரு அழகு. நம் சேலைக்கு அதைவிட நல்ல உடல் கிடைக்காது.

மூன்றாம் படி: முதலில் தொடுகை, பிறகுதான் டிசைன்

தீவில் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று குளம் போல் வழவழவென்று கிடக்கும் நாளில் மற்றது சொரசொரவென்று அலையடிக்கும். காற்று மாறினால் இரண்டும் குணம் மாறிக்கொள்ளும். பாம்பன் பாலத்தில் நின்று இருபக்கமும் திரும்பிப் பார்த்தவர்களுக்கு, ஒரே நீலம் இரண்டு விதமாகத் தெரிவது புரியும். நிறம் ஒன்றுதான், பரப்பு வேறு. அறையிலும் இதைச் செய்யலாம். டிசைன் ஒன்றைக்கூடச் சேர்க்காமல், சொரசொரப்பையும் வழவழப்பையும் மாற்றி மாற்றி வைத்தாலே அறைக்கு உயிர் வந்துவிடும்.

பனை ஓலையை எடுத்துக்கொள்வோம். நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. குருத்தோலை வெளிர் மஞ்சளாக, மெல்லியதாக, விரலுக்கு வழுக்கும். சிறு பெட்டியும் கொட்டானும் முடைவதற்கு அது ஏற்றது. சாரோலை முரடு. பச்சை காய்ந்து பழுப்பேறி, விளிம்பு விரலைக் கீறும். பெரிய கடகம், கூடை, தடுப்பு எல்லாம் இதில் வரும். மட்டையிலிருந்து உரிக்கும் நார் இன்னொரு ரகம். நார்க்கட்டிலில் கையை வைத்தால் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரியும். பனங்கட்டையை இழைத்தால் கறுப்பும் பழுப்புமாக நெருக்கமான கோடுகள் வரும். ஒரே மரம் நான்கு விதமான தொடுகையைத் தருகிறது, நிறமோ ஒரே குடும்பம். இந்த நான்கையும் ஒரு அறையில் வைத்தால் சண்டையே வராது.

என் கணக்கு இப்படி: ஓர் அறையில் வழவழப்பு ஒன்று, சொரசொரப்பு இரண்டு, மெத்தென்ற பொருள் ஒன்று. டைல்ஸ் தரை வழவழப்பு என்றால் அதன் மேல் நார்க்கட்டிலும் ஓலைக் கூடையும் சொரசொரப்பு, இலவம்பஞ்சுத் தலையணை மெத்து. தரை ஏற்கெனவே சிமெண்டுச் சொரசொரப்பாக இருந்தால் தலைகீழாக்கி, பத்தமடைப் பாய் மாதிரி நெருங்கிப் பின்னிய கோரைப்பாயை வழவழப்புக்கு விரிக்கலாம். மானாமதுரை மண்பானை இரண்டுக்கும் நடுவே உட்காரும் பொருள். மெருகேற்றாத மண்ணாக இருந்தால் பளபளப்பு இல்லாமல் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

பளபளப்பைப் பற்றி ஒன்று. கடலும் வெள்ளை மணலும் வெளிச்சத்தை வீட்டுக்குள் திருப்பி அனுப்பும். பகலில் கண்ணாடி மேசை, பளபளக்கும் லேமினேட், கண்ணாடி பதித்த குஷன் எல்லாம் சேர்ந்தால் கண் கூசும். கடலைப் பார்த்த அறையில் பளபளப்பு ஒன்றோடு நிற்கட்டும்.

நான்காம் படி: முந்தியைத் தேர்ந்தெடுங்கள்

அறைக்குள் நுழைந்ததும் கண் எங்கே போகிறதோ அந்த இடம்தான் முந்தி. பெரும்பாலான கூடங்களில் அது வாசலுக்கு எதிர்ச் சுவர். சில வீடுகளில் ஊஞ்சல், சில வீடுகளில் கட்டில். உங்களுக்கு மிகவும் பிடித்த, மிகவும் துணிச்சலான டிசைன் அங்கே மட்டும் வரட்டும். ஆத்தங்குடி கல் பதித்த கூடம் என்றால் யோசிக்கவே வேண்டாம், தரையே முந்தி. அங்கே சுவரும் கர்ட்டனும் வாயைத் திறக்கக் கூடாது.

எது முந்தியாக நிற்கும் என்பது புரியாவிட்டால் இராமநாதபுரம் அரண்மனையில் இராமலிங்க விலாசத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சேதுபதிகள் காலத்தில் தீட்டிய ஓவியங்கள் சுவர், வளைவு, கூரை என்று எல்லா இடத்திலும் நிறைந்திருக்கின்றன. அத்தனை நிறைந்தும் ஏன் திணறவில்லை என்று நின்று பாருங்கள். பயன்படுத்திய நிறங்கள் சிலவே. அவையே திரும்பத் திரும்ப வருகின்றன. இராமேஸ்வரம் கோயில் மூன்றாம் பிரகாரத்தில் 1212 தூண்கள் என்பார்கள். அங்கே கண்ணை இழுப்பது தனித்தனித் தூண் அல்ல, திரும்பி வரும் அந்த வரிசை. டிசைனைக் குறைக்க மனமில்லாதவர்கள் இந்த இரண்டு வழியில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம்: நிறத்தைக் குறையுங்கள், அல்லது ஒரே டிசைனைத் திரும்ப வையுங்கள்.

ஐந்தாம் படி: மூன்று அளவு

டிசைன்கள் மோதிக்கொள்வதற்கு முக்கியக் காரணம் அளவு ஒன்றாக இருப்பதுதான். அத்தையின் சோபா இலையும் கால்மிதிப் பூவும் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் இரண்டும் போட்டி போட்டன. மூன்று அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: விரித்த கை, எலுமிச்சை, மிளகு.

விரித்த கை அளவு டிசைன் ஒன்று போதும். கண்டாங்கிச் சேலையின் பெரிய கட்டமோ, பவானி ஜமக்காளத்தின் அகலப் பட்டையோ இதற்கு ஏற்றவை. எலுமிச்சை அளவு இரண்டு வரலாம், கட்டில் விரிப்பு, தலையணை உறை மாதிரி. மிளகு அளவு எத்தனை வந்தாலும் தொந்தரவில்லை. மதுரைச் சுங்குடியின் புள்ளியைப் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அது டிசைனாகவே தெரியாது, துணியின் குணமாகத் தெரியும். சுங்குடியை நான் கலப்பில் கெடாத துணி என்பேன். பூவோடும் போகும், கட்டத்தோடும் போகும், பட்டையோடும் போகும்.

வகையும் மாறட்டும். பூவுக்குப் பக்கத்தில் இன்னொரு பூ வேண்டாம், கோடு வைக்கலாம். கட்டத்துக்குப் பக்கத்தில் புள்ளி வைக்கலாம். கட்டமும் பட்டையும் சேர்வது கொஞ்சம் கடினம். இரண்டிலும் ஒரு நிறமாவது பொதுவாக இருந்து, ஒன்றின் கோடு மற்றதைவிட மூன்று மடங்காவது அகலமாக இருந்தால்தான் சேர்க்கலாம்.

நிறத்துக்கு ஒரே விதி: முந்தியில் இருக்கும் ஒரு நிறத்தை எடுத்து, அறையில் வேறு இரண்டு இடத்தில் சிறிதாக வையுங்கள். அத்தை வீட்டு முந்தி அரக்குப் பட்டை போட்ட ஜமக்காளம். அதே அரக்கு ஒரு தலையணை உறையிலும், ஓலைப் பெட்டியின் சாயம் போட்ட விளிம்பிலும் வந்தது. அவ்வளவுதான், மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகிவிட்டன.

ஆறாம் படி: பரப்பிப் பாருங்கள்

வாங்குவதற்கும் தைப்பதற்கும் முன் இதைச் செய்தே ஆக வேண்டும். கூடத்தின் நடுவில் பாய் விரித்து, யோசித்து வைத்த துணி, ஓலை, மரத்துண்டு எல்லாவற்றையும் அதன் மேல் பரப்புங்கள். அறையில் பெரிதாக வருவதைப் பெரிதாக விரியுங்கள், சிறிதாக வருவதை மடித்து வையுங்கள். கடையில் இரண்டையும் ஒரே அளவு துண்டாகக் காட்டுவதால்தான் கணக்குத் தப்புகிறது.

நாங்கள் ஒரு மதியம் பரப்பினோம். பரமக்குடி கைத்தறிச் சேலை ஒன்று, வெளிர் சாம்பல் உடலில் அரக்குக் கரை. மஞ்சள் சுங்குடி ஒன்று. ஜமக்காளம். சாரோலைக் கடகம். பழைய ரோஜாக் கர்ட்டனையும் அத்தை மனமில்லாமல் ஓரத்தில் வைத்தார்கள். செல்போனில் படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தோம். நிறம் போன பிறகு வெளிச்சமும் இருட்டும் மட்டுமே மிஞ்சும். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அறை சப்பென்று இருக்கும். எங்கள் படத்தில் ஜமக்காளம் கருத்து நின்றது, சேலை வெளிறி நின்றது, கடகம் நடுவில் வந்தது. ரோஜா மட்டும் திட்டுத்திட்டாக எல்லாவற்றையும் கலைத்தது. அத்தை பார்த்துவிட்டு, “சரித்தா, அதை எடுத்துரு” என்றார்கள். நான் விளக்கியிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இரவிலும் ஒரு முறை பாருங்கள். வெள்ளை எல்.இ.டி. விளக்கில் ஓலையும் கோரையும் சாம்பல் பூத்தது போல் ஆகிவிடும். 2700 முதல் 3000 கெல்வின் வரை உள்ள மஞ்சள் ஒளி விளக்குப் போட்டால் அவற்றின் பொன்னிறம் திரும்பி வரும்.

ஏழாம் படி: பழைய சேலையில் கர்ட்டன்

புதிதாக எதையும் வாங்காமல் கலக்க முடியும் என்பதற்காக இந்தக் கணக்கைத் தருகிறேன். சேலை ஏறக்குறைய 18 அடி நீளம், 4 அடி அகலம். ஜன்னல் 4 அடி அகலம், 3½ அடி உயரம் என்று கொள்வோம். கர்ட்டன் மடிப்போடு தொங்க, ஜன்னல் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு துணி வேண்டும், அதாவது 8 அடி. சேலையைக் குறுக்காகப் பிடியுங்கள். ஒரு கரை மேலே கம்பி நுழையும் மடிப்புக்குள் போய்விடும், மற்ற கரை கீழே அழகாகத் தொங்கும். ஒரு சேலையில் இரண்டு ஜன்னல் முடிந்து 2 அடி மிஞ்சும். அந்த மிச்சம் முந்திப் பக்கமாக இருக்கும்படி வெட்டினால், இரண்டு சிறு தலையணை உறைகளின் முன்பக்கத்துக்கு ஆகும். பின்பக்கத்துக்கு வெள்ளைப் பருத்தி போதும்.

வெட்டுவதற்கு முன் துணியை ஒரு முறை நனைத்துக் காயவையுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கிவிடட்டும். ஈரமான வெள்ளைத் துணியால் ஓரத்தைத் தேய்த்துச் சாயம் இறங்குகிறதா என்றும் பாருங்கள். இறங்கினால், தண்ணீர் தெளியும் வரை தனியாக அலசிவிட்டு மற்றதோடு சேர்க்கலாம். நைந்த சேலையை நேர் வெயில் விழும் ஜன்னலில் போட்டால் ஒரு கோடைக்குள் கிழியும். அதை நிழல் பக்கம் போடுங்கள்.

கடலிலிருந்து எதை எடுக்கலாம்

கடலோர வீடு என்றதும் பவளமும் சங்கும் நினைவுக்கு வருவது இயல்பு. பவளப்பாறைத் துண்டு, கடல் விசிறி, கடல் குதிரை எதையும் வாங்கவோ எடுத்து வைக்கவோ வேண்டாம். 2001 முதல் இவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. செத்த பவளத்துக்கும் விலக்கு இல்லை. 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகளும் நம் வாசலில்தான் இருக்கின்றன. பவளத்தை உடைத்துக் கட்டிய பழைய சுவர்களைப் பார்த்து ஆசைப்படலாம், புதிதாகச் செய்ய முடியாது. அந்த நுண்துளைச் சொரசொரப்பு வேண்டுமானால் சுண்ணாம்புப் பூச்சை மட்டப்பலகை போட்டு இழைக்காமல் கையாலேயே தடவி விடச் சொல்லுங்கள், நெருங்கி வரும்.

பழைய வலை, கயிறு, மிதவை எல்லாம் தாராளமாக வைக்கலாம். வலையை இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, அலசி, வெயிலில் காயவைக்காவிட்டால் வீடு முழுக்க மீன் வாடை அடிக்கும். தென்னை நார்க் கயிறு நைலானைவிடக் கண்ணுக்கு நல்லது, உப்பையும் தாங்கும்.

பராமரிப்பு

ஜன்னல் துணிகளை மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஓலைப் பொருள்களில் மழைக்காலத்தில் கறுப்புப் புள்ளி விழும். புரட்டாசிக் கடைசியிலேயே நன்றாக வெயில் காட்டி, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். புள்ளி விழுந்துவிட்டால் உலர்ந்த பிரஷால் தேய்த்து மறுபடி வெயிலில் போட வேண்டும், தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கோரைப்பாயைச் சுருட்டி நிறுத்தி வையுங்கள், மடித்தால் அந்த இடத்தில் கோரை ஒடியும். பித்தளையைத் தேய்த்துக் காய்ந்ததும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் பச்சை பிடிப்பது தள்ளிப்போகும். தலையணைப் பஞ்சைத் தை மாதத்து வெயிலில் பிரித்துப் போடுங்கள். அப்போதே ஜமக்காளத்தையும் திருப்பிப் போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வெளிறும்.

அத்தை வீட்டுக் கூடத்தில் இப்போது தரை வரி, மயில் கிரில், சேலைக் கர்ட்டன், ஜமக்காளம், சுங்குடி உறை என்று ஐந்து டிசைன்கள்தான். ரோஜாக் கர்ட்டன் சமையலறை அலமாரிக்குத் திரையாகப் போய்விட்டது. அங்கே வேறு பூ எதுவும் இல்லாததால் அழகாகத்தான் இருக்கிறது.